நான்கு துளைகள்

21 அக்டோபர் 2024, திங்கள்

இன்று முற்பகல் 11.20-க்கு இயக்குநர் திருமதி ரெபேக்கா என்னை அழைத்துத் தலைவரின் வண்டி தொடர்பான பொறுப்பை ஒப்படைத்தார். எழுத்து மூலமாகத் தாருங்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தார்.

மறைந்த தேசத் தலைவர் ஹரிசரண் தத்தா 1971 முதல் 1979 வரை தம் தென்னகச் சுற்றுப்பயணங்களில் பயன்படுத்திய அரசு அம்பாசடர், எண் 411. நம் அருங்காட்சியகத்தின் புதிய கூடத்தில் அதனை நவம்பர் 20 அன்று அமைச்சர் திறந்துவைக்கிறார். அதற்குள் நான் முடிக்க வேண்டியவை: பலகைக்கான வரலாற்று வாசகம், அக்கால ஓட்டுநரின் நேர்காணல், மேலும் "தலைவர் பயன்படுத்திய அதே வண்டி இதுவென நேரில் ஆய்ந்து சான்றளிக்கிறேன்" என்னும் சான்றிதழ்.

"உங்கள விட்டா இதுக்கு வேற யாரு சிவசைலம்? பாக்காம ஒரு கையெழுத்து போட்டிருப்பீங்களா நீங்க?" என்றார் இயக்குநர்.

இல்லை என்றேன். இருபத்தேழு ஆண்டுப் பணியில் அப்படி நேர்ந்ததில்லை.

இக்கோப்பு எனக்குப் புதிதும் அன்று. நான் பணியில் சேர்ந்த மறு ஆண்டு, 1998-இல், 411-ஐ நினைவுப் பொருளாக வைத்துக்கொண்டு, அதனுடன் எப்போதும் சென்ற மாற்று வண்டியான 412-ஐக் கழித்து ஏலத்தில் விட்டார்கள். இரண்டையும் ஆய்வு செய்து கையொப்பமிட்ட உதவியாளர் நானே. ஆகவே இது எளிய வேலை.

இரவு உணவுக்கு முன் இரத்த அழுத்த மாத்திரை. மழை இல்லை.

24 அக்டோபர், வியாழன்

கஜபதி வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக்கி வருகிறார். நாற்பது ஆண்டு அனுபவமுள்ள மெக்கானிக். வேலையின் நடுவே பாடுவது மட்டுமே அவரிடம் குறை. மதியம் பாட்டை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சார், சேஸிஸ் நம்பர் என்னன்னு குடுத்தீங்க?"

"கடைசி நான்கு இலக்கம் 2186."

"இங்க 2191 இல்ல இருக்கு?"

அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணைக் கைவிளக்குப் பிடித்து நானே படித்தேன். 2191. பதிவேட்டில் 2186. என் 1998-ஆம் ஆண்டுக் குறிப்பிலும் "வண்டியில் பொறித்துள்ளபடி 2186" என்றே இருக்கிறது.

பதிவேட்டை எழுதியவர் செய்த பிழையாக இருக்கலாம். என் குறிப்பைப் பொறுத்தவரை, துரு மூடிய தகட்டில் இலக்கங்கள் சரியாகத் தெரியாமல் போயிருக்கலாம். 412-இன் பதிவேட்டைப் பார்க்க வேண்டிய தேவை எழவில்லை.

25 அக்டோபர், வெள்ளி

412-இன் பதிவேட்டைப் பார்த்தேன். 2191.

28 அக்டோபர், திங்கள்

அயனாவரத்தில் ஓட்டுநர் எத்திராஜுலுவை அவர் வீட்டில் சந்தித்தேன். வயது எண்பத்திரண்டு. ஓங்கிய உருவம். இரண்டு முழங்கால்களிலும் உறை போட்டிருக்கிறார். மகள் வேலைக்குப் போனபின் பகலெல்லாம் தனியாகத் தொலைக்காட்சி பார்க்கிறார்.

என்னை உட்காரச் சொன்ன இருக்கை விசித்திரமானது. செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்த நீளமான இருக்கை. பச்சை ரெக்சின், மூவர் அமரலாம். கால்களே இல்லை. நாற்காலி இருக்கிறதா என்று கேட்க நினைத்து, மரியாதை கருதிக் கேட்கவில்லை.

நேர்காணலின் முக்கியப் பகுதியைச் சொல் மாறாமல் பதிகிறேன்.

"தலைவருக்கு எடது முட்டி மடங்காது சார். வெள்ளக்காரன் ஜெயில்ல அடிச்ச அடி. பின்னாடி எடது பக்கம் உக்காந்தா காலு முன் ஸீட்டுல இடிக்கும். மொத டூர்ல நாகப்பட்ணம் வரைக்கும் பல்லக் கடிச்சிகினே வந்தாரு, ஒரு வார்த்த சொல்லல. நான் கண்ணாடில பாத்துட்டேன். திரும்பி வந்ததும் ஷெட்ல சொன்னேன்."

"என்ன செய்தார்கள் ஐயா?"

"தரையில நாலு ஓட்ட புதுசா போட்டு, முன் ஸீட்ட நாலு இன்ச்சு முன்னால தள்ளி முடுக்கிட்டாங்க. அம்பாசடர்ல முன் ஸீட்டு ஒரே ஸீட்டாச்சே? அவரு பக்கம் மட்டும் தள்ள முடியுமா? என்னையும் சேத்துத் தள்ளிட்டாங்க. நான் ஆறடி ஆளு. எட்டு வருசம் ஸ்டியரிங் என் முட்டியிலதான் சார் இருந்துச்சு." முழங்கால் உறைகளைத் தட்டிக் காட்டினார். "அவரு கால நீட்டுனாரு, நான் மடக்குனேன்."

தலைவருக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாமயா? ஒவ்வொரு தபா எறங்கும்போதும் என் தோள ஒரு தட்டு தட்டுவாரு. அவருக்கு நம்ம பாஷ தெரியாது, எனக்கு அவரு பாஷ தெரியாது. அந்தத் தட்டுதான் பேச்சு."

மிக நல்ல வாசகம், பலகையில் சேர்க்கலாம். புறப்படும்போது, திறப்பு விழாவுக்கு முன்பே ஒருநாள் வந்து வண்டியைப் பார்க்கவேண்டும் என்றார். ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை.

29 அக்டோபர், செவ்வாய்

கஜபதியை விட்டு முன் இருக்கையைக் கழற்றித் தரைவிரிப்பை எடுக்கச் செய்தேன். தொழிற்சாலையில் போட்ட துளைகள் மட்டுமே இருந்தன. நான்கு அங்குலம் முன்னால் அளந்து பார்த்தேன். எதுவும் இல்லை. தகட்டை மாற்றியிருக்கலாமோ என்றதற்குக் கஜபதி, "கம்பெனி தகடு சார். ஒத்தரும் கை வெக்கல" என்றார்.

முதியவரின் நினைவு பிசகியிருக்கலாம். எண்பத்திரண்டு வயது.

31 அக்டோபர், வியாழன், தீபாவளி

அதிகாலை எண்ணெய்க் குளியல். மகன் அனுப்பிய புதுச்சட்டை தோளில் தளர்வாக இருந்தது. மனைவி மங்கை லேகியம் கிளறி ஒரு கரண்டி வாயில் திணித்தாள்.

விடுமுறையில் படிக்கலாமென்று 1998-ஆம் ஆண்டு ஆய்வுக் குறிப்பின் நகலை எடுத்து வந்திருந்தேன். காப்பி டம்ளரை அதன்மேல் வைக்கப்போன மங்கை, தேதியைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னங்க, பதினொண்ணு ஒம்போது தொண்ணூத்தெட்டா? நீங்க என்னைப் பொண்ணு பாக்க வந்த நாளுல்ல?"

"இருக்காது."

"இருக்காதாம்! வெள்ளிக்கெழம. ரெண்டு மணிக்கு மேலதான் நல்ல நேரம்னு உங்கம்மா காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுலயே எல்லாரயும் உக்கார வெச்சிட்டாங்க. நீங்க கேசரியத் தொடவே இல்ல. எங்க அண்ணன்கூட மாப்பிள்ளைக்கு சக்கரையான்னு கேட்டான். மறந்துட்டீங்களா?"

குறிப்பில் உள்ள வாசகம்: "11.9.98 அன்று பிற்பகல் 2 மணிக்கு அம்பத்தூர் வாகனக் கொட்டகையில் இரு வண்டிகளையும் நேரில் ஆய்வு செய்தேன்."

மதியம் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டார் வெடித்த வெடிகளுக்கெல்லாம் நான் திடுக்கிட்டதாக மங்கை சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1 நவம்பர், வெள்ளி

காரணத்தை நினைவுபடுத்த முயன்றேன். ஒருநாள் விடுப்புக் கேட்டு, கிடைக்காமல் போயிருக்கலாம். கண்காணிப்பாளர், "பதிவேடு இருக்கே, அதப் பாத்து எழுதிட்டுப் போ" என்று சொல்லியிருக்கலாம். சொன்னார் என்றே நினைக்கிறேன். அவர் உயிரோடு இல்லை.

4 நவம்பர், திங்கள்

மீண்டும் அயனாவரம். இம்முறை நானாகவே போனேன்.

துளைகள் இல்லை என்றதும் எத்திராஜுலு தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"அப்ப நீங்க வெச்சிருக்கறது மாத்து வண்டி சார்."

அவர் கூறியதன் சுருக்கம். 411 என்ற எண் ஊருக்கே தெரியும். அதனால் பாதுகாப்பு அதிகாரிகள், பயணம் தொடங்கும் காலையில் இரு வண்டிகளின் எண் பலகைகளையும் மாற்றி மாட்டச் சொல்வார்கள். தலைவர் தம் வண்டியிலேயே, ஆனால் 412 என்ற பலகையுடன் போவார். மாற்று வண்டி 411 என்ற பலகையோடு முன்னால் காலியாகப் போகும். திரும்பி வந்ததும் பலகைகளைப் பழையபடி மாட்டிவிடுவார்கள். 1979-இல் கடைசிப் பயணத்தின்போது மதுரையில் தலைவர் மாரடைப்பால் இறந்தார்.

"அன்னிக்கு யாருக்கு சார் பிளேட்டு ஞாபகம்? வண்டிங்க ரெண்டும் அப்படியே ஷெட்டுக்கு வந்துச்சு. அப்படியே நின்னுச்சு. நானும் அத்தோட வேற வண்டிக்குப் போய்ட்டேன்."

"பிறகு யாரிடமும் சொல்லவில்லையா ஐயா?"

"சொன்னேனே. கண்டம் பண்ணி ஏலத்துல விடப்போறாங்கன்னு கேள்விப்பட்டு ஷெட் இன்சார்ஜ்கிட்ட போனேன். 'பேப்பர்ல எது 411-ஓ அதான்யா 411, போ'ன்னுட்டாரு. ஆனா ஆபீஸ்லேர்ந்து ஒருத்தரு நேர்ல வந்து பாப்பாரு, படிச்ச பையன், அவராண்ட சொல்லுன்னாங்க. லீவு போட்டுட்டு காலையில எட்டு மணிக்கே போய் நின்னேன். ஸீட்டு எங்க இருக்குது பாருங்க சார்னு ரெண்டு வார்த்த சொன்னா போதும். ஆறு மணி வரைக்கும் நின்னேன். யாரும் வர்ல."

நான் பேனாவை மூடிவைத்தேன்.

"அப்புறம் ஏலம் எடுத்தவன் ஒடைக்கும்போது போனேன். எல்லாம் போச்சு. இத்த மட்டும் கேட்டேன், எடுத்துக்கோ பெரியவரேன்னான்." தாம் அமர்ந்திருந்த, என்னையும் அமர்த்தியிருந்த பச்சை இருக்கையைத் தட்டினார். "நீங்க உக்காந்துகினு இருக்கீங்களே, இதான். கீழ குனிஞ்சு பாருங்க. ஸீட்டோட அடித் தண்டவாளத்துல நம்ம ஷெட்டு போட்ட போல்ட்டே இருக்குது."

குனிந்து பார்த்தேன். இருந்தது.

அந்த அலுவலர் யாரென்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்கப்படாத வினாவுக்கு விடை கூறும் கடமை இல்லை.

5 நவம்பர், செவ்வாய்

இயக்குநரிடம் வாய்மொழியாகத் தெரிவித்தேன். 1998 பற்றிய பகுதி அவருக்குத் தேவைப்படாது என்பதால் விட்டுவிட்டேன்.

சற்று நேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். "அழைப்பிதழ் அச்சாகிடுச்சு சிவசைலம். மினிஸ்டர் ஆபீஸுக்கும் போயாச்சு. அந்த ஸீட்ட வாங்கி இதுல மாட்டுங்க. ஒரிஜினல் ஸீட்டுதானே? பாதி வண்டி உண்மையாயிடும்."

"துளைகள், அம்மா?"

"உங்க மெக்கானிக்குக்கு அதுகூடத் தெரியாதா?"

நான் விதிகளை எடுத்துக் கூறியிருக்க வேண்டும். "பார்க்கிறேன்" என்று சொன்னேன்.

7 நவம்பர், வியாழன்

மாத்திரை சாப்பிட மறந்தேன். மங்கை எண்ணிப் பார்த்துச் சொன்னாள்.

11 நவம்பர், திங்கள்

கஜபதி துளைபோடும் கருவியுடன் ஆயத்தமாக இருந்தார். "நாலு ஓட்ட சார். அஞ்சு நிமிசம். கொஞ்சம் உப்புத்தண்ணி தடவி விட்டா ரெண்டு நாள்ல அம்பது வருசத் துரு வந்துடும். மார்க் மட்டும் நீங்க போட்டுக் குடுங்க, அளவுல உங்கள மாதிரி எனக்கு வராது."

தரைத்தகட்டில் பழைய துளைகளிலிருந்து நான்கு அங்குலம் முன்னால் அளந்து, சாக்பீஸால் நான்கு குறிகள் இட்டேன். ஒவ்வொன்றையும் இருமுறை சரிபார்த்தேன். மூல அமைப்பை ஆவணப்படுத்துவது மட்டுமே இதன் நோக்கம். துளையிடுவது பற்றி நான் எந்த ஆணையும் வழங்கவில்லை. நாளை மறுநாள் பார்க்கலாம் என்று மட்டுமே சொன்னேன்.

13 நவம்பர், புதன்

எத்திராஜுலு இன்று வந்துவிட்டார். மகளின் ஸ்கூட்டரில் வந்து வாசலில் இறங்கி, காவலரிடம் "தலைவர் டிரைவர் வந்திருக்கேன்னு சொல்லு" என்றாராம். காலை 10.40. கஜபதி கருவிக்கு மின்கம்பியைச் செருகிக்கொண்டிருந்தார். முன் இருக்கை அப்போதைக்குப் பழைய இடத்திலேயே தளர்வாக வைக்கப்பட்டிருந்தது.

அவர் யாரையும் கேட்கவில்லை. கதவைத் திறந்து ஓட்டுநர் இடத்தில் அமர்ந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே தம் முழங்கால்களைப் பார்த்தார். அவற்றை மேலும் கீழுமாக ஆட்டினார். எங்கும் இடிக்கவில்லை. பிறகு உரக்கச் சிரித்தார்.

"அடப்பாவி! இந்த வண்டிய ஓட்டுன மோகனரங்கம் எவ்ளோ சொகமா இருந்திருக்கான் பாருங்க சார்! எட்டு வருசம் காலி வண்டிய ஓட்டிகினு, முட்டியையும் காப்பாத்திகினு செத்தான் மவராசன்."

கஜபதியும் சிரித்தார். எத்திராஜுலு இறங்கும்போது, காலடியில் விரிப்பு இல்லாததைக் கவனித்துக் குனிந்தார்.

"இன்னா சார் இது, சாக்பீஸு?"

அவர் குறிகளை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விரலால் தொட்டார். கருவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அளவு கரீட்டா இருக்குது" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

கஜபதியைத் தேநீர் அருந்த அனுப்பினேன். பிறகு கூறினேன். கூறியதை அப்படியே பதிகிறேன். "ஐயா, அன்று அம்பத்தூருக்கு வந்திருக்க வேண்டிய அலுவலர் நான். நான் வரவில்லை. வந்ததாக எழுதிக் கையொப்பமிட்டேன். எண்ணையும் பதிவேட்டைப் பார்த்து எழுதினேன்."

அவர் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்க போயிருந்தீங்க?"

"பெண் பார்க்க. காஞ்சிபுரத்துக்கு."

"பொண்ணு அமைஞ்சுதா?"

"அமைந்தது."

"இன்னும் கூட இருக்காங்களா?"

"இருக்கிறார்."

"சரி. ஒண்ணாவது ஒழுங்கா நடந்துச்சு." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் பத்து மணி நேரம் நின்னேன் சார்" என்றார்.

வாசல் வரை உடன் சென்றேன்.

வாசலில் ஸ்கூட்டரில் ஏறும்போது சொன்னார்: "ஸீட்டு வேணும்னா எடுத்துக்கோங்க. ஆனா இந்த வண்டில மாட்டாதீங்க. என் முட்டி அதுக்கு ஒத்துக்காது."

திரும்பி வந்து சாக்பீஸ் குறிகளை ஈரத்துணியால் துடைத்தேன். மூன்று எளிதில் போயின. நான்காவதை அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது.

14 நவம்பர், வியாழன்

மங்கையிடம் அனைத்தும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அதான் கேசரி எறங்கலயா?" என்றாள். பிறகு, "வேலை போயிடுமா?" என்றாள். பெரும்பாலும் போகாது, பதவி உயர்வு போகும், ஊதிய உயர்வு நிற்கும், பெயர் கெடும் என்று வரிசையாகக் கூறினேன்.

"பேரு கெடறதுதான் உங்களுக்குப் பெரிசு. எழுதிடுங்க. இந்த வீட்டுல பத்து நாளா நான் ஒருத்தியாத்தான் தூங்குறேன்."

18 நவம்பர், திங்கள்

பிற்பகல் 3.05-க்கு இயக்குநரிடம் இரண்டு தாள்களை நேரில் கொடுத்து, பெற்றதற்கான கையொப்பம் வாங்கினேன்.

முதல் தாள், சான்றிதழ்: "நேரில் ஆய்ந்தேன். இது தலைவர் பயணம் செய்த வண்டி அன்று. அவர் பாதுகாப்புக்காக 411 என்ற எண்ணைத் தாங்கி, அவருக்கு முன்னால் காலியாகச் சென்ற மாற்று வண்டி."

இரண்டாம் தாள்: அவர் பயணம் செய்த வண்டி எவ்வாறு உடைக்கப்பட்டது, அதற்குக் கையொப்பமிட்டவர் யார் என்பது.

இயக்குநர் இரண்டாம் தாளை இருமுறை படித்தார். "ரெண்டு நாள் இருக்கும்போதா சிவசைலம்? இத நீங்க எழுதாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே!"

"ஆம் அம்மா."

"ரெண்டு வாரமா பாக்குறேன் பாக்குறேன்னு சொன்னது இதைத்தானா?"

இதற்கும் ஆம் என்றேன்.

20 நவம்பர், புதன்

திறப்பு விழா நடந்தது. வெளியே பெருமழை. அமைச்சர் பன்னிரண்டு நிமிடம் இருந்தார். பலகையில் "தலைவரின் பயண அணியில் சென்ற வண்டி" என்று மாற்றியிருக்கிறார்கள். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அதை எழுத என்னைக் கேட்கவில்லை. நான் பின்வரிசையில் நின்றேன்.

எத்திராஜுலு வரவில்லை. முழங்கால் வலி என்று மகள் தொலைபேசியில் சொன்னாள்.

29 நவம்பர், வெள்ளி

என்னிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. ஐந்து வினாக்கள். விடையளிக்கப் பதினைந்து நாள் அவகாசம்.

2 டிசம்பர், திங்கள்

விடை அனுப்பிவிட்டேன். அவகாசம் தேவைப்படவில்லை. நகல் எனக்காக.

வினா 3: 11.9.98 அன்று பிற்பகல் தாங்கள் மேற்படிக் கொட்டகைக்கு நேரில் சென்றீர்களா?

விடை: இல்லை.

வினா 4: அன்று அவ்விடத்தில் வேறு எவரேனும் இருந்தனரா?

விடை: இருந்தார். ஓட்டுநர் எத்திராஜுலு, காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை. கோப்பில் எங்கும் அவர் பெயர் இல்லை. சேர்க்குமாறு வேண்டுகிறேன்.